முருகம்மாளின் உதடு

ஆமத்தூர்
4.8.2025

அன்பு ஹர்ஷினி,

லென்ஸை மாற்றிக்கொள்வோம் என்று நீ சொன்னபோது விளையாட்டு என்றுதான் நினைத்தேன். உன் டெலி லென்ஸ் என்னை ஆட்டிவைக்கிறது! ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் இமைகூடத் தெரிகிறது. ஒருத்தரும் "எதுக்குட்டி எடுக்குத?" என்று கேட்பதில்லை. யாரோடும் பேசாமல் எனக்குத்தான் வாய் நமநமக்கிறது.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். பட்டாசு செய்கிற பயராபீஸ் வேனிலிருந்து இறங்கி நிற்கிற ஒரு பெண்ணின் முகம் மட்டும். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டுக் கேமராவை இறக்கினால், அது எங்கள் அம்மா! பெற்ற தாயைத் தெரியவில்லையடி எனக்கு.

வேல்விழி

சென்னை
12.8.2025

என் வேலு,

உன் முப்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ் என்னைப் படாத பாடு படுத்துகிறது. மூக்கு முட்டுகிற அளவுக்குப் போனால்தான் முகமே விழுகிறது. ஒரு பூக்கார அம்மா திட்டித் தீர்த்துவிட்டு, காபியும் வாங்கிக் கொடுத்தாள். நீ இப்படித்தான் தினமும் எடுக்கிறாயா?

முருகம்மாள் அம்மா படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். இறுகின உதடு, முகமெல்லாம் அலுமினியப் பவுடர். இங்கே நடக்கப்போகிற நம் புகைப்படக் கண்காட்சிக் குழுவிடம் காட்டினேன். உனக்கென்று ஒரு சுவரே தருகிறார்கள், நடுவில் இந்தப் படம்! "ஆறாத துயரம்" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். உன் முதல் கண்காட்சிடி!

ஹர்ஷினி

ஆமத்தூர்
19.8.2025

அன்பு ஹர்ஷினி,

சந்தோஷத்தில் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"ஏட்டி, பொன்னுத்தங்கம் எங்கன? எம்பக்கத்துலதான நின்னா? அன்னைக்கு போர்மேன் மீசைக்கு டை அடிச்சிட்டு வந்தாரு. வேர்வையில அது தாடை வரைக்கும் வடிஞ்சிருச்சு. பொன்னுத்தங்கம் காதுல சொல்லிட்டா. அவரு எதுக்க நிக்காரு, சிரிக்கவா முடியும்? உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

என் லென்ஸாக இருந்தால் பொன்னுத்தங்கமும் படத்தில் விழுந்திருப்பாள், மீசையும் விழுந்திருக்கும். கிட்டே நின்றிருப்பேன், எனக்கும் காதில் கேட்டிருக்கும். என்ன செய்யலாம், சொல். என் லென்ஸையும் அனுப்பிவை.

வேல்விழி

சென்னை
26.8.2025

வேலு,

லென்ஸ் இந்தப் பார்சலில் இருக்கிறது. தலைப்பை எடுத்துவிடுகிறேன், படம் இருக்கட்டும். மீசைக் கதை இங்கே யாருக்குத் தெரியும்? இதை இறக்கினால் அந்தச் சுவர் வேறு ஆளுக்குப் போய்விடும். எத்தனை பேரிடம் உனக்காகப் பேசியிருக்கிறேன் தெரியுமா? பிடிவாதம் பிடிக்காதே. அம்மாவிடம் பக்குவமாகக் கேள்.

ஹர்ஷினி

ஆமத்தூர்
1.9.2025

அன்பு ஹர்ஷினி,

கேட்டேன். "அங்கன வர்றவுக அம்புட்டுப் பேரும் என்னையப் பாத்து உச்சுக்கொட்டிட்டுப் போவாகளா?" என்றாள். பிறகு அவளே, "உனக்கு நல்லதுன்னா போட்டுக்கட்டி" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படத்தை இறக்கிவிடு. அந்தச் சுவர் எனக்கு வேண்டும்தான், எழுதும்போதே அழுகை வருகிறது. ஆனாலும் இறக்கிவிடு.

உன் டெலியை இதோடு அனுப்புகிறேன். நீ கோபமாக இருப்பாய். இருந்தாலும் தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வா. வேன் வந்து நிற்கிற இடத்தில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நிற்போம். கேமரா வேண்டாம். அவள் என்ன பேசுகிறாள் என்று முதலில் கேட்போம்.

வேல்விழி