கீட்டோவிலிருந்து ஒளி பார்க்க வந்தவர்

கராஷோக்,
ஜனவரி 9

அன்பு மாரெத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கலைமான்களும் சுகம், என் முழங்காலைத் தவிர. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தக் குளிர்காலமும் வர முடியாது, தூரம் அதிகம், மூன்று விமானம் மாற வேண்டும் என்று எழுதியிருந்தாய். இதோடு ஆறு குளிர்காலம் ஆகிறது. அப்பா உன் கடிதத்தைப் படித்துவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

மறுநாளே நம் மாடியறையில் தங்க ஒருவர் வந்தார். வில்மர் என்று பெயர், பள்ளிக்கூட வாத்தியார், கேட்டால் நீ இருக்கிற அதே கீட்டோ ஊர்க்காரர்! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் கோட்டைக் கழற்றுவதற்குள், எங்க மாரெத்தைத் தெரியுமா, ரோஜாத் தோட்டத்துல வேலை பாக்கிறா, உசரமா இருப்பா என்று கேட்டுவிட்டேன். அவருடைய கைபேசி அதை மொழிபெயர்த்துச் சொல்ல, மனுஷர் திருதிருவென்று விழித்தார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அது என்ன நம்ம மந்தையாடி, காதுல இருக்கிற வெட்டைப் பாத்து இது இன்னார் வீட்டுதுன்னு சொல்றதுக்கு, இருபது லட்சம் பேர் இருக்கிற ஊருடி என்றார்.

இருபது வருஷமாக, நம் வடதுருவ வானத்தில் ராத்திரியில் ஓடுகிற இந்த ஒளியைப் படத்தில் காட்டியே பாடம் நடத்தினாராம், ஒரு தரமாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறார். என் சமையல் மேஜையில் விளக்கைச் சூரியனாகவும் உருளைக்கிழங்கைப் பூமியாகவும் வைத்துக்கொண்டு எங்களுக்கும் பாடம் நடந்தது. சூரியன் ஊதுகிற காற்றில் பொடிப்பொடியாக என்னவோ வருகிறதாம், பூமி ஒரு காந்தம் என்பதால் அதைத் துருவங்களின் பக்கம் இழுத்து விடுகிறதாம், அது மேலே காற்றில் மோதும்போது பச்சையும் சிவப்புமாய் ஒளிர்கிறதாம். ஒன்றரை மாசமா மூஞ்சியக் காட்டாத சூரியன் வெளக்க மட்டும் அனுப்பி வைக்குதாக்கும் என்று அப்பா நொடித்தார்.

பாவம், மூன்று நாளும் மேகம். மேகம் மூடினால் குளிர் குறைந்து என் முழங்காலுக்கு இதமாக இருக்கும், அதனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், அவரிடம் சொல்லவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார், நான் வைத்த எலும்பு சூப் ஆறிப்போனது. நேற்று மத்தியானம் பஸ் ஏறினார். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வானம் திறந்து தலைக்கு மேல் பச்சை பச்சையாய் ஓடுகிறது! அவரை நினைத்து மனசு அடித்துக்கொண்டது, அப்புறம் உன்னை நினைத்து அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

ஏனென்றால் பஸ் ஏறும்போது, வருத்தமா இல்லையா என்று அவரிடம் கேட்டேன். அடுத்த வருஷமும் வருவேம்மா, அப்பவும் மேகமா இருந்தா அதுக்கு அடுத்த வருஷம் வரேன் என்றார். உன் ஊரிலிருந்துதான், அதே தூரம், அதே மூன்று விமானம். கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்றே நிச்சயமில்லாத ஒன்றைப் பார்க்க அவர் வருகிறார். கோபத்தில் எழுதவில்லை கண்ணு, ஏக்கம்தான், உன் முகத்தைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லை. நான் வாசலிலேயே நிற்பேன் மாரெத், மேகம் மூடினாலும் தெரிவேன்.

நோய்நொடி அண்டாமல், நல்ல மனுஷர்கள் நடுவில் நீ நெடுநாள் வாழ அப்பாவும் நானும் மனசார ஆசி சொல்கிறோம். உன் தோல் காலணிக்குள் இந்த வருஷமும் கால் குளிராமலிருக்கக் காய்ந்த புல் திணித்து வைத்திருக்கிறேன், கால் அளவு மாறியிருந்தால் மறக்காமல் எழுது.

உன் அம்மா,
ரிஸ்தென்