அம்மைப்பால் கெடுவதற்குள்

ஆடி 20, வியாழன்

காலையிலிருந்து மூடுபனி. கொடியில் போட்ட வேட்டி மூன்றாவது நாளாக ஈரம்.

இன்றும் வீண். இந்த மலையின் குண்டூர் நாட்டு மேட்டுக் குடியிருப்புக்கு நான் போய்ச் சேரும்போது உச்சிவேளை. எல்லா வீடும் சாத்திக் கிடந்தது. சாமைக்காட்டில் களையெடுப்பு. கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மை குத்த வந்தவனைப் பார்த்துக் குரைக்க ஒரு நாய் மட்டும் மிச்சம். மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினேன். போன வாரமும் இதே கதை.

குத்துகிற மருந்தான அம்மைப்பாலின் குழாய்களைப் பானைக்குள் ஈரத்துணி சுற்றி வைத்திருக்கிறேன். மலைக்குளிர் என்பதால் தாங்குகிறது. எத்தனை நாளைக்கு? கெட்ட பாலைக் கையில் கீறுவதும் பச்சைத் தண்ணீரைக் கீறுவதும் ஒன்றுதான்.

மனைவியிடம் புலம்பினேன். பங்கஜம் அடுப்பை ஊதிக்கொண்டே, "ஏனுங்க, அவங்க காட்டுக்குக் கெளம்பற நேரத்துல நீங்க ரெண்டாவது காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கறீங்க. அப்பறம் ஊட்டுல ஆரு இருப்பா?" என்றாள்.

கோபம் வந்தது.

ஆடி 21, வெள்ளி

தூறல். சோளக்காடு ஊரில் சந்தைக் கூட்டம். பலாப்பழ வாசனை, ஈ, சேறு. கீழ்நாட்டு ஆட்கள் முன்னைவிட அதிகம். யுத்தத்தால் கீழே அரிசிக்குத் திண்டாட்டம். மலையேறி வந்து சாமையும் கேழ்வரகும் வாங்கிப் போகிறார்கள்.

அவர்களில் ஒருவர், அடிவாரத்துக்காரர், மூட்டையைக் கட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "எங்கூர்ல அம்மா எறங்கியிருக்கறாங்க. எங்க தெருவுலயே மூணு ஊடு." பெரியம்மை.

"இன்னிக்கி எங்க தங்கறீங்க?"

"மேட்டுல பெரியண்ணன்னு ஒருத்தரு, அவரு ஊடுதானுங்க எப்பவும்."

சாத்திக் கிடந்த கதவுகளை நேற்று நான் பார்த்துவிட்டு வந்த அதே மேடு. இங்கேயே எங்காவது தங்குங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிவிட்டார்.

சாயங்காலம் பாரஸ்ட் கார்டு சீட்டாடக் கூப்பிட்டார். போகவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். நான் எழுந்ததிலிருந்து கிளம்புகிற வரை செய்வது: பல்பொடி. வெந்நீருக்குக் காத்திருத்தல். குளியல். சவரம். திருநீறு. காப்பி. போன வாரத்துப் பத்திரிகையை இன்னொரு தரம். மறுபடி காப்பி. இதற்குள் வெயில் ஏறிவிடும்.

முன்பு வேலை பார்த்த ராசிபுரத்தில் இது சரியாக இருந்தது. தண்டோரா போட்டுச் சாவடியில் ஜனங்களைக் கூட்டி வைத்திருப்பார்கள். நான் மெதுவாகப் போவேன். மலைக்கு வந்தபின் கால்தான் மேலே ஏறியிருக்கிறது. பழக்கம் எல்லாம் கீழேயே.

ஆடி 22, சனி

எண்ணெய்க் குளியல் நாள். எண்ணெயும் இல்லை, குளியலும் இல்லை. முகம் கழுவி, கூழ் குடித்து, விடியுமுன் கிளம்பினேன். குளிக்காமல் வாசல் தாண்டியது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. வழியெல்லாம் உடம்பு அரிப்பதுபோல ஒரு பிரமை. பாதி பிரமை, பாதி அட்டை.

மேட்டை அடையும்போது கூரைகளில் அப்போதுதான் புகை. பெரியண்ணன் வாசலில் நின்று கண்ணைக் கசக்கினார். "ஏனுங்க, வழி தவறிட்டீங்களா?"

ராத்திரி தங்கியவர் அப்போதே இறங்கிப் போய்விட்டாராம். அவர் தெருவில் நடப்பதைச் சொன்னேன். பெரியண்ணன் முகம் மாறியது. மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக அவரே கூட்டிப் போனார்.

பிள்ளைகள் இன்னும் கம்பளிக்குள். கையை மட்டும் வெளியே இழுத்துக் கீறினேன். ஒன்றிரண்டு, நான் அடுத்த வீட்டுக்குப் போனபிறகுதான் அழ ஆரம்பித்தன. ஒரு பயல் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டான். வலி இருக்கிறது. சந்தோஷமும் இருக்கிறது.

மறுத்தது ஒரே ஒருத்தி. பெரியண்ணன் மனைவி பாப்பாயி. ஒரே மகள் பொன்னியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அம்மன் கோபிப்பாள் என்பாள் என்று நினைத்து அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

"எல்லாரும் சேந்து மொறை வெச்சுக் களையெடுக்கறமுங்க. எங்க காட்டுக்கு அடுத்த வாரந்தான் மொறை. இப்பக் குத்துனா அப்பத்தான் புள்ளைக்குக் காச்சல் வரும். மடியில போட்டுக்கிட்டு நான் எப்படிக் களை வெட்டறது? மொறை தப்புச்சுன்னா சாமையப் புல்லு தின்னுரும்."

பெரியண்ணன் காட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கடைசிக் குழாயை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

ஆடி 23, ஞாயிறு

நல்ல மழை. அந்த ஒரு பிள்ளையின் நினைப்பாகவே இருந்தது. குடையோடு மறுபடி மேடு.

நடக்கும்போதுதான் தோன்றியது. நான் என் நேரத்தை மாற்றிக்கொண்டேன். அவர்கள் முறையை மாற்றி, காய்ச்சல் வருமுன் பாப்பாயி காட்டை முடிக்க முடியாதா? நாளைக்கு யார் காடு என்று விசாரித்தேன். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் காடு. அவளிடமே கேட்டேன்.

"மொறைய மாத்தறதா? எங்க மாமியா காலத்துலருந்து மேக்காலருந்துதானுங்க ஆரம்பிப்போம்!"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. கிளம்பத் திரும்பினேன். பின்னாலிருந்து வெள்ளையம்மாள் குரலே கேட்டது.

"கெழக்காலருந்து ஆரம்பிச்சாத்தான் என்ன? புல்லுக்குத் தெச தெரியுமா? ஏ பாப்பாயி, நாளைக்கு உன் காட்டுக்கே வாரோம். என்னுது அப்பறம் பாத்துக்கலாம்."

பாப்பாயி உள்ளே போய்ப் பொன்னியை இடுப்பில் தூக்கி வந்தாள். "கண்ணு, கையக் குடு சாமி." கடைசிக் குழாய் தீர்ந்தது.

ஆடி 26, புதன்

வெயில். துணி காய்ந்தது.

விடியலில் இன்னொரு குடியிருப்புக்குப் போய், குத்த வேண்டிய பிள்ளைகளைப் பார்த்து வைத்தேன். மதியத்துக்குள் வீடு. புதுப் பால் கேட்டு ஆள் அனுப்பியாயிற்று. பின்மத்தியானம் முழுக்கச் சும்மா இருந்தது. பங்கஜத்தோடு ஓடைப் பக்கம் நடந்தேன். இங்கே வந்து இத்தனை மாதத்தில் அவளை எங்கேயும் கூட்டிப் போனதில்லை. பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். "சில்லுனு இருக்குதுங்க" என்றாள். நேரம் வீணாகவில்லை.

குளியல் இப்போது சாயங்காலம். பழகிவிட்டது.

ஆடி 30, ஞாயிறு

புதுப் பால் நேற்று வந்தது. இன்று மேட்டில் பார்வையிடல். கீறின இடமெல்லாம் நன்றாகப் பொங்கியிருக்கிறது; பால் பிடித்துவிட்டது. பொன்னிக்குக் கை வீங்கி, இலேசான காய்ச்சல். பயமில்லை. அடிவாரத்தில் மேலும் சில வீடுகளில் அம்மை என்று பேச்சு. இங்கே இதுவரை ஒருவருக்கும் இல்லை. இதுவரை என்றுதான் எழுதுகிறேன்.

திரும்பும்போது பாப்பாயி காட்டைக் காட்டினாள். ஒரு புல் இல்லை. சாமைப் பயிர் காற்றில் அசைந்தது. பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கித் தன் கையை நீட்டினாள். சின்ன வயதிலும் குத்திக்கொண்டதில்லையாம்.

"எங்க களை முடிஞ்சுதுங்க. இனி எனக்குக் காச்சல் வந்தாலும் படுத்துக்கலாம். குத்துங்க."