புதுக் கன்றும் பங்கு விலையும்

பேராதனை,
செவ்வாய்க்கிழமை

அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டேன்! நிதித்துறைப் பட்டப்படிப்பின் கடைசி வாய்மொழிப் பரீட்சையில், ஒரு தேயிலைக் கம்பனியின் பங்குகளை வாங்கலாமா என்று கேட்டார்கள். புதிதாகக் கன்று நட்ட மலைகளிலிருந்து அடுத்த வருடமே கொழுந்து வருமென்று இலாபத்தைக் கூட்டி, மற்ற மாணவர்கள் எல்லோரும் வாங்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் கொழுந்து வராதென்று நான் மட்டும் வேண்டாமென்றேன்.

கொழும்பு முதலீட்டுக் கம்பனியிலிருந்து வந்திருந்த பரீட்சகர், "இத எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?" என்றார்.

"எங்கப்பா வத்தேகமயில தேயிலக் கன்னு நடுறவரு, மேடம். நல்லாக் கொழுந்து பறிக்க நாலு வருசமாவது ஆவும்."

அவருடைய கம்பனியிலேயே எனக்கு வேலை!

பட்டமளிப்பில் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை உங்களுக்குத்தான். தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் வேலையை நான் வேண்டாமென்று இங்கே படிக்க வந்ததிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. நான்கு வருடமாகிவிட்டது. கன்றுக்கே அவ்வளவுதான், அப்பா.

உங்கள் பிடிவாதம் அப்படியே வந்திருக்கும்,
மூத்த மகள்