மெல்வினின் கல்யாணக் கோட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்
வெறும் வயிற்றில் சர்க்கரை 132. எனக்கு நானே சபாஷ்.

ஃபிரிட்ஜில் என் இன்சுலின் பக்கத்தில் ஒரு குட்டி ஊசிமருந்து பாட்டில். என் மகன் மெல்வினுடையதாம். அடுத்த மாதம் அவனுக்கும் ரூபிக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். கோயிலில் மறுபடி மோதிரம் மாற்ற வேண்டும். அன்றைக்குப் போட்ட கோட்டையே போடுவானாம். தொப்பை விடவில்லை.

“வளர்ச்சி ஹார்மோனத் தூண்டுற பெப்டைடும்மா. கொழுப்பு கரையும், உடம்புக்கும் நல்லது. ஜிம் மாஸ்டரே சொன்னாரு.”

“அம்பது வயசுல இன்னும் எங்கடா வளரப்போற?”

ஆகஸ்ட் 6
பேத்தி ஜெசி பாட்டிலைப் படித்தாள். “ஆயா, ஆராய்ச்சிக்கு மட்டும், மனுசருக்கு இல்லன்னு போட்டிருக்குது.”

“அப்ப உங்கப்பன் யாருடி?”

ஆகஸ்ட் 23
பொய் எழுதக்கூடாது. கோட்டுப் பொத்தானைப் போட முடிகிறது. கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் என்ன மருந்து என்று கேட்கிறார்களாம். நான்தான் தோற்றேனா?

செப்டம்பர் 5, வெள்ளி
பாலிஷ் போட மோதிரத்தைக் கழற்றப் பார்த்தான். எண்ணெய், சோப்பு, ரூபியின் திட்டு — எதற்கும் அசையவில்லை. விரலெல்லாம் வீக்கம். பத்து நாளாகக் கை மரத்துப்போகுதாம், வாயைத் திறக்கவில்லை பாவி.

நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதில் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். சாப்பிடுமுன் அவனை உட்காரவைத்துக் குத்தினேன். 148. எனக்கு 129.

இவன் அப்பா சர்க்கரையில் காலை இழந்து செத்தவர். ஜெயிச்ச சந்தோசமே வரல. இந்தப் பயலும் அதே வழியா?

செப்டம்பர் 6
கிருஷ்ணகிரி போனோம். டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கொழுப்பு கொஞ்சம் குறையலாம். அதனால ஆரோக்கியம் வந்துருச்சுன்னு ஆகாது. இது சர்க்கரைய ஏத்தும், நீர் கோக்க வைக்கும். உள்ள என்ன கலந்திருக்குன்னே தெரியாது. நிறுத்துங்க.”

“கோட்டு?” என்றான்.

“தையக்காரரப் பாருங்க.”

செப்டம்பர் 9
மெல்வினே பாட்டிலை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டான். சாயங்காலம் என்னோடு தென்பெண்ணைப் பாலம் வரை நடந்தான். எனக்கு முன்னே அவனுக்கு மூச்சு வாங்கியது. மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு
ஃபாதர் முன்னால் கோட்டைத் திறந்துபோட்டுத்தான் நின்றான். ரூபி போட்ட மோதிரம் சோப்பில்லாமல் ஏறியது.

காலைச் சர்க்கரை: எனக்கு 131. அவனுக்கு 109. தோற்றுவிட்டேன்.

கேக் ஒரு விரலளவு தின்றேன். ரூபி பார்க்கவில்லை.