வரிசையில் பரவிய பெயர்

அன்புள்ள ஹம்சினி,

இன்று தண்ணீர் லாரி வரிசையில் தேசம்மா தொண்ணூற்றாறு தேர்தலைச் சொல்லிச் சிரித்தாள்.

நம் மந்தைவெளி வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிய வருடம். ஓட்டுப் போடுவது ஆண்கள் வேலை என்று வீட்டிலேயே இருந்தவர்கள்கூட, நான் நிற்கிறேன் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். சாவடிச் சுவரில் வேட்பாளர் பெயர்களைப் படித்த தேசம்மா, "இன்னாய்யா, ஹம்சினி அம்மாவுக்குப் போடலாம்னு வந்தா அந்தப் பேரே இல்லாம கீது?" என்று போலீஸ்காரரிடம் சண்டைக்குப் போனாள். நீதான் ஓடிப்போய் என் பெயரைச் சொன்னாய்.

"ஜலஜாவாம்டி." வரிசை முழுக்கப் பரவியது. கல்யாணத்துக்குப் பிறகு அத்தனை பேர் வாயில் என் பெயரைக் கேட்டது அன்றுதான்.

தோற்றேன். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எனக்குப் பெருமைதான். ஆனால் நீ யாசிரைக் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு, உன் பெயரைச் சொல்லாமல் என்னைக் கூப்பிடத் தெருவுக்கு அது வசதியாகவும் போயிற்று.

இன்று தேசம்மா பழைய ஞாபகத்தில், "ஹம்சினி அம்மா, கொடம் ரொம்பிச்சி பாரு" என்றாள். குடம் வழிந்துகொண்டே இருந்தது. நான் அப்படியே நின்றேன்.

இனி அப்பா இல்லாத நேரம் பார்த்து நீ மட்டும் வர வேண்டாம். அவர் இருக்கும்போதே இருவரும் வாருங்கள்.

அம்மா