தோற்ற படையில் கடைசி ஆள்

23 மே 2006
பள்ளிக்கூடத்தை விட்டு எட்டு மாதம். அதற்குப் பிறகு விட்டவை: மிருதங்கம், பத்திரிகை போடும் வேலை, ஒஸ்லோவின் ட்வெய்ட்டா பகுதியில் சப்பாத்துக் கடை (நான்கு நாள்). இன்று ஒட்வாரின் தச்சுப் பட்டறையில் வேலை கேட்டேன். மரப்படிக்கட்டு செய்கிற மனிதர், முழுத்தாடி. இந்தப் பட்டியலைச் சொன்னதும் சிரித்தார். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. சனிக்கிழமைகளில் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் புல்வெளியில் நடித்துக் காட்டுகிற குழு. இந்தக் கோடையில் தென்மாநிலக் காலாட்படை ஒன்றின் கதை, சேர்ந்த நாளிலிருந்து சரணடைந்த நாள்வரை. நான் கடைசிநாள்வரை நின்றால் லார்லிங்காக, அதாவது தொழில் பழகுநனாக, எடுத்து வேலை பழக்குவாராம்.

27 மே
சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கடிக்கிறது. அடிமை வைத்திருக்கச் சண்டை போட்ட பக்கம் இது, நான் இந்தத் தோல் நிறத்தோடு இதற்குள் நிற்பது என்ன நியாயம் என்று கேட்டேன். நீலச் சட்டைக்குக் காத்திருப்போர் பட்டியலே இருக்கிறதாம். தோற்க வேண்டியவர்கள்தான், ஆனால் தோற்பதற்கும் ஆள் வேண்டும் என்றார் ஒட்வார். சரி. அதில் எனக்கு அனுபவம் உண்டு.

28 மே
அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து என்னோடு நேரே கதைப்பதில்லை. அம்மாவைப் பார்த்துச் சொல்வார். இன்று: "சண்டை வேண்டாமெண்டு நான் நாட்டை விட்டு ஓடி வந்தனான். இவர் சம்பளமில்லாமல் சண்டைக்குப் போறாராம்."

10 யூன்
முதல் சண்டை. பதினாறு பேர். காட்டிய இடத்தில் செத்தேன். எறும்புப் புற்று. செத்தவன் சொறியக்கூடாதாம். சொறிந்தேன்.

15 யூலை
ஒன்பது பேர். உண்மையான படை பசியால் குறைந்தது, எங்களுடையது ஆட்கள் விடுமுறைக்குக் கிரேக்கம் போவதால் குறைகிறது. போர்க்கால ரொட்டி கல். அம்மா கட்டித்தந்த புட்டையும் மீன் பொரியலையும் அவிழ்த்தேன். சரித்திரப்படி இது பிழை என்று சொல்லிக்கொண்டே ஒட்வார் இரண்டாம் தரமும் தட்டை நீட்டினார்.

12 ஓகஸ்ட்
மழை. நாலு பேர். காலெல்லாம் கொப்புளம். என்னத்துக்கு நிக்கிறன்? பொய்ச் சண்டை, அதிலையும் தோக்கிற சண்டை. போதும் — விடப்போறன். விடுறது எனக்கென்ன புதுசே.

13 ஓகஸ்ட்
வரமாட்டேன் என்று ஒட்வாருக்கு எஸ்.எம்.எஸ். எழுதினேன். அனுப்ப முதல் அவருடையது வந்தது. மிச்ச இருவரில் ஒருவனுக்கு முழங்கால் நோ, மற்றவனுக்குக் கல்யாணம். "இனி நீயும் நானும்தான் படை." என்னுடையதை அழித்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

2 செப்டெம்பர்
சரணடைந்தோம்.
உண்மையான படை சரணடைந்தது ஏப்ரல் ஒன்பதாம் திகதி. 1940இல் அதே திகதியில்தான் ஜெர்மன்காரன் நோர்வேக்குள் படையோடு வந்தான். அன்றைக்கு ஒஸ்லோவில் சரணடைந்து காட்டினால் கிழவர்கள் அடிப்பார்கள் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள்.
அந்தப் பக்கம் நாற்பது நீலச் சட்டை. இந்தப் பக்கம் இரண்டு பேர். ஒட்வார் வாளைக் கொடுத்தார். நான் துவக்கை நிலத்தில் வைத்து நிமிர்ந்தால், வேலியைத் தாண்டி அப்பா வருகிறார். கோட்டு, சூட்டு.
"கடைசிநாள் விழா" என்று தங்கச்சி துஷ்யா அவரிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா ஊர்ச்சங்கச் செயலாளர், கார் டிக்கியில் எப்போதும் ஒரு பொன்னாடை இருக்கும். கொடி, வாத்தியம், வரிசையாக ஆட்கள், நடுவில் பதக்கத்தோடு ஒரு பெரியவர். வேறென்ன நினைப்பார்? நேரே போய் வடமாநில ஜெனரலுக்குப் பொன்னாடை போர்த்தி, கைகுலுக்கி, படத்துக்கு நின்றார். ஜெனரல் குனிந்து வணங்கினார். சனம் இதுவும் சரித்திரம் என்று கைதட்டியது.
பிறகு என் முன்னால் வந்தார்.
"எத்தினை பேர் சேர்ந்தனீங்கள்?"
"பதினாறு."
"மிச்சப் பேர் எங்கை?"
"விட்டிட்டுப் போட்டினம்."
என் சட்டையைப் பார்த்தார். "நீ நிண்டனி," என்றார். அம்மாவைப் பார்த்து அல்ல.

4 செப்டெம்பர்
பட்டறையில் முதல் நாள். முதல் பலகையையே அளவைவிடக் கட்டையாக வெட்டிவிட்டேன். ஒட்வார் இன்னொன்றை எடுத்துத் தந்தார். அதுவும் சரியில்லை. நாளைக்கும் ஏழு மணிக்கு.