முதுகுவலிக்காரர் வண்டி தள்ளினார்

அன்புள்ள அப்பாவுக்கு, சிகாகோவிலிருந்து மார்லா. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? கன்றுகளுக்குத் தீனி போட ஆள் கிடைத்தாரா?

துப்பறியும் உரிமத்துக்கு ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. முதுகு போய்விட்டதென்று இழப்பீடு கேட்கும் கிடங்குத் தொழிலாளி ஒருவரை வேவு பார்க்க வேண்டும். அவர் வீட்டெதிரே நீங்கள் கொடுத்த பழைய பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்ததும், நம் ஊர்ப் பழக்கத்தில் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்துத் தொலைத்தேன்.

நேராக வந்தார். “என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?”

வேறென்ன சொல்வது, ஆமாம் என்றேன்.

“கியரப் போடு, நான் தள்ளுறேன்.”

‘உங்கள் முதுகு’ என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். தெருமுனைவரை தள்ளினார்.

இதைக் கேட்டு என் முதலாளி பெக்வித் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “வணக்கம் வச்சே கேஸ முடிச்சவ நீ ஒருத்திதான்டி. அறிக்கைய எழுதிக் குடு, உரிமம் உனக்குத்தான்.”

தடித்த கம்பளிக் காலுறை அனுப்புங்கள். வேவு பார்க்கும்போது எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாதென்று ஹீட்டர் போட விடமாட்டார்கள். தபால்காரர் வரும் நேரம், முடிக்கிறேன்.

இன்னும் ஒன்று. அந்த முதுகுவலிக்காரர் வண்டி தள்ளியதை அறிக்கையில் எழுதிவிட்டேன். தள்ளி முடித்து, “குளிருதே, உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போயேன்” என்றார். இந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள். அதை எழுத அறிக்கையில் இடமில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

மார்லா